டீச்சரைக் கேளுங்கள்: லீவு விட்டாச்சு, பிள்ளையை எங்கே அனுப்புவது?

ஏப்ரல் பிறந்தால் போதும், அதுவரை பரீட்சை பயத்தைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லாரும் சம்மர் கேம்ப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதுதான். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து, சாரணியர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டில் கூடாரம் அடித்தவள் நான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறான். நானும் கணவரும் வெள்ளிப் பட்டறை வேலைக்குப் போகிறோம். காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஆறாகும். அபாகஸ், ஓவியம், ஹிந்தி, கீபோர்டு, ஸ்கேட்டிங் எல்லாம் ஒரே இடத்தில் சொல்லிக்கொடுத்து மாலை வரை வைத்துக்கொள்கிறார்கள். சேர்க்கலாமா? லீவில்கூடப் பிள்ளையை அடைத்துவைக்கிறாயே என்று ஊரிலிருந்து மாமியார் போனில் திட்டுகிறார்.
– ஒரு தாய், செவ்வாய்ப்பேட்டை

பதில்: உங்களுக்கு முதலில் வேண்டியது பிள்ளை பத்திரமாக இருக்க ஓர் இடம். அதை நேராகவே சொல்லிக்கொள்ளுங்கள் அம்மா, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அபாகஸும் கீபோர்டும் அதற்கு மேல் தூவிய கொத்தமல்லி. ஒரு மாதத்தில் ஐந்து கலை யாருக்கும் வராது. அந்த ஐந்தில் எது வேண்டும் என்று பையனையே கேட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதி நேரம் அவன் அங்கேயே மற்ற பிள்ளைகளோடு விளையாடட்டும், படுத்துத் தூங்கட்டும். "அப்படியெல்லாம் சும்மா விட மாட்டோம் மேடம், ஃபுல் டே ஆக்டிவிட்டி" என்று பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மதியம் இரண்டரை மணிக்கு, சொல்லாமல், அந்த இடத்துக்குப் போய் எட்டிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு எல்லா முகாமும் பளிச்சென்றுதான் இருக்கும். இரண்டரைக்குத்தான் ஃபேன் ஓடுகிறதா, கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள், கக்கூஸ் எப்படி இருக்கிறது, பிள்ளைகளோடு பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா அல்லது டிவியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்களா என்பதெல்லாம் தெரியும். உள்ளேயே விட மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஸ்கேட்டிங் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். நம் சேலத்தில் ஏப்ரல், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பதினொன்றிலிருந்து நான்கு வரை பிள்ளைகளை வெளியில் விடவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மும்முரத்தில் தாகம் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அன்று தண்ணீர் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டணம் அதிகமாகத் தோன்றினால் இன்னொரு வழியும் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் எல்லாம் குறைந்த செலவில் சொல்லித் தருகிறது. நாள் முழுக்க அங்கே விட முடியாது, அதுதான் சிக்கல். உங்கள் பட்டறையிலேயே இதே கவலையோடு இன்னும் மூன்று நான்கு அம்மாக்கள் இருப்பார்கள். எல்லாரும் சேர்ந்து, லீவில் இருக்கும் நன்கு தெரிந்த ஒரு காலேஜ் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து, ஒரு வீட்டில் பிள்ளைகளை விடலாம். மாமியாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: பதினைந்து நாள் இங்கே வந்து இருக்கிறீர்களா அத்தை என்று. திட்டுவதற்குப் பதில் வந்துவிட்டால் நல்லதுதானே.

கேள்வி: எட்டாம் வகுப்பு போகும் என் மகள், ஏற்காட்டில் ஐந்து நாள் தங்கும் முகாமுக்குத் தன்னை அனுப்பச் சொல்லிக் கேட்கிறாள். தோழிகள் இரண்டு பேர் போகிறார்களாம். டிரெக்கிங், கயிற்றில் தொங்கிப் போவது, கேம்ப் ஃபயர் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். மனைவிக்குப் பயம். எனக்கும்தான், வெளியில் சொல்லவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?
– ஒரு தந்தை, ஆத்தூர்

பதில்: அவளாகக் கேட்கிறாள் என்பது நல்ல தொடக்கம். பெற்றோர் ஆசைக்காக ஏற்றிவிடப்பட்ட பிள்ளைகள் முதல் இரவே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸில் போட்டிருக்கும் விளையாட்டுகளை விடுங்கள். எனக்கு முக்கியம், அந்த ஐந்து நாளும் பிள்ளைகளோடு இருக்கப்போகும் பெரியவர்கள் யார் என்பது. போன் செய்தால் ரிசப்ஷனில் இருப்பவர் விளையாட்டுகளை ஒப்பிப்பார். முகாமை நடத்துபவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இரவில் பெண் பிள்ளைகள் தூங்கும் ஹாலில் எந்தப் பெண்மணி படுக்கிறார், அவர் வயதென்ன, எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறார் என்று கேளுங்கள். "அக்கா ஒருத்தங்க இருப்பாங்க சார்" என்பது பதில் ஆகாது. ஆள் யார் என்று இன்றைக்கே சொல்லத் தெரியாதவர்கள், கடைசி நேரத்தில் காலேஜ் பிள்ளைகளைப் பிடித்துப் போடுபவர்கள். என்னைக் கேட்டால் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வேண்டும், மலையில் நடக்கும்போது அதற்கு மேலும் வேண்டும். வேலைக்கு எடுக்கும்போது போலீஸ் விசாரணைச் சான்று வாங்குகிறார்களா என்றும் கேளுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தைப் பற்றி நீங்கள் பேச்சை எடுத்ததும் எதிரில் இருப்பவர் குரல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் கோபப்பட மாட்டார்கள், அவர்களே இரண்டு விஷயம் கூடுதலாகச் சொல்வார்கள்.

அடுத்தது கக்கூஸ். சிரிக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு இருட்டில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் பெரிய விஷயம். போக பயந்துகொண்டு தண்ணீரே குடிக்காமல் இருந்து, மூன்றாம் நாள் வயிற்று வலி என்று வருவார்கள். மாதவிலக்கு வரும் தேதியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாப்கின் கொடுத்தனுப்புங்கள். இடம் மாறினால் நாள் தள்ளியும் வரும், முந்தியும் வரும்.

டிரெக்கிங் எந்த வழி என்று கேளுங்கள். எஸ்டேட் நிலத்துக்குள்ளா, காப்புக்காட்டுக்குள்ளா? காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபிறகு அதற்குத் தனி விதிகளே வந்தன. கோடைதான் தீ பிடிக்கும் காலம். "எங்களுக்கு லோக்கல்ல எல்லாரையும் தெரியும் சார்" என்று சொன்னால் அனுமதி இல்லை என்று அர்த்தம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டெருமை நடமாட்டமும் உண்டு, விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தபிறகும் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போகக் கூடாது. கயிற்றில் தொங்கும் விளையாட்டுக்கு ஹெல்மெட்டும் இடுப்புப் பட்டையும் பிள்ளைகள் அளவில் இருக்கிறதா, ஒருவர் மாட்டிவிட்டதை இன்னொருவர் இழுத்துப் பார்க்கிறாரா என்று கேட்டால் போதும்.

ராத்திரி காய்ச்சல் வந்தால்? ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய விஷயம் என்றால் சேலம் ஜி.எச்.சுக்குத்தான் இறங்க வேண்டும், அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவு. அதனால் முகாமில் இரவிலும் ஒரு வண்டியும், தூங்கினாலும் எழுப்பக்கூடிய டிரைவரும் இருக்க வேண்டும். 108-ஐக் கூப்பிடுவோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்களா பாருங்கள். பாம்பு கடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, "கயிறு கட்டிக் கீறிவிடுவோம்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

இனி உங்கள் பக்கம். புறப்படும்போது "பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அப்பா உடனே வந்துடறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாசமாகச் சொல்வதுதான், ஆனால் உனக்கு அங்கே பிடிக்காது என்று நீங்களே அவளுக்குச் சொல்லி அனுப்புவதாகிவிடும். முதல் இரண்டு இரவு வீட்டு நினைப்பு வரும். அழுவாள். மூன்றாம் நாள் போன் செய்தால் உங்களிடம் பேச நேரமில்லை என்பாள்.

ஆனால் வீட்டு நினைப்பு வேறு, ஒரு ஆளைப் பார்த்துப் பயப்படுவது வேறு. அதற்காக அவளும் நீங்களும் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மாட்டின் பெயராகக்கூட இருக்கலாம். "லட்சுமி கன்னு போட்டுச்சா?" என்று அவள் போனில் கேட்டால், காரணம் கேட்காமல் வண்டியை எடுங்கள். வாழப்பாடி தாண்டும்போது யோசித்துக்கொள்ளலாம். போன் பேச பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கி இருக்கிறார்களா, பேசும்போது பக்கத்தில் யாரும் நிற்காமல் விடுகிறார்களா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 1098 சைல்டு ஹெல்ப்லைன் எண் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியட்டும்.

மலையில் மே மாதத்திலும் ராத்திரி குளிரும், சாயங்காலம் இடியோடு கோடை மழை வரும். ஸ்வெட்டர், டார்ச், கூடுதலாக ஒரு ஜோடி ஷூ. வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளை என்றால் காலையில் இரண்டு இட்லி மட்டும் கொடுத்து, பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள்.

மனைவியிடம் உங்களுக்கும் பயம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் போனைச் செய்யலாம்.

கேள்வி: பத்து நாள் தங்கும் முகாமுக்கு முழுப் பணமும் கட்டினேன். நோட்டீஸில் சொன்ன எதுவும் இல்லை, ஒரே அறையில் பதினெட்டுப் பிள்ளைகள். மூன்றாம் நாளே மகனைக் கூட்டி வந்துவிட்டேன். பணம் திரும்பத் தர முடியாது, ரசீதிலேயே போட்டிருக்கிறோம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: பணம் திரும்பக் கிடையாது என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. சொன்ன சேவையைத் தரவில்லை என்பதுதான் உங்கள் வழக்கு, பையனுக்குப் பிடிக்கவில்லை என்பதல்ல. நோட்டீஸ், ரசீது, அறையைப் படம் எடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி. அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வக்கீல் இல்லாமலே நீங்களே மனு கொடுக்கலாம்.

கேள்வி: டீச்சர், பத்தாவது பரீட்சை எழுதிவிட்டேன். ஃபுட்பால் கோச்சிங் போக ஆசை. அப்பா நீட் ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்துவிட்டார். ஒரு மாதம்கூட விளையாடக் கூடாதா? நீங்கள் எழுதினால் அப்பா படிப்பார்.
– ஒரு மாணவன், ஓமலூர்

பதில்: அப்பா படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய், கெட்டிக்காரன். சரி கண்ணு, இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடை விடுமுறையில் மாவட்டந்தோறும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறது. நமக்கு சேலம் காந்தி ஸ்டேடியம். எந்தெந்த விளையாட்டு, எந்தத் தேதி என்று அவ்வப்போது பேப்பரில் போடுவார்கள். ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் கேட்கலாம். பயிற்சி காலையும் மாலையும்தான், வெயில் ஏறினபிறகு கிடையாது. கோர்ஸ் நடுப்பகலில் என்றால் இரண்டும் மோதாது. ஆனால் ஓமலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வர வேண்டியவன் நீ. அப்பா எழுப்பிவிட மாட்டார், நீயே எழுந்திரு. ஒரு வாரம் எழுந்து காட்டினால் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

அப்பாவுக்கு: ஐயா, ஒரு மாத முகாமில் தரும் சான்றிதழ் எந்த விளையாட்டுக் கோட்டாவுக்கும் உதவாது. மாநில அளவில் ஆடினால்தான் அந்தப் பேச்சே. எனவே இதில் லாபம் இருக்கிறது என்று நான் ஆசை காட்டப்போவதில்லை. பையன் பத்தாவது முழுக்க உட்கார்ந்தே இருந்திருக்கிறான். அடுத்த இரண்டு வருடமும் உட்காரத்தான் போகிறான். நடுவில் இருக்கும் இந்த மே மாதத்தை அவனுக்கு விடுங்கள்.

கேள்வி: "பத்து நாளில் நீச்சல் கேரண்டி" என்கிறார்களே, உண்மையா? பெண்ணுக்கு ஒன்பது வயது.
– ஒரு வாசகி, அழகாபுரம்

பதில்: பத்து நாளில் பயம் தெளியும், கை கால் அடித்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவாள். அதை நீச்சல் என்று நம்பிக் கிணற்றிலும் ஆற்றிலும் விட்டுவிடாதீர்கள். எங்கள் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளினார்கள், கூடவே மாமனோ சித்தப்பாவோ குதித்தார்கள். இன்றைய குளத்திலும் அந்த மாமன் யார் என்று பாருங்கள். பயிற்சியாளர் தண்ணீருக்குள் இருக்கிறாரா, மேலே நின்று விசில் ஊதுகிறாரா? கரையில் நின்று பார்ப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட இன்னொரு ஆள் உண்டா? மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவது போலக் கத்தாது, சத்தமில்லாமல் உள்ளே போகும். நீங்களும் போய் உட்காருங்கள், போனைப் பைக்குள் வைத்துவிட்டு.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். பதினொரு வயது. ஓவிய முகாமில் பணம் வாங்கிக்கொண்டபிறகு விஷயம் தெரிந்ததும், "மற்ற பெற்றோர் ஒன்றும் சொல்லக் கூடாதில்லையா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி சொல்லாமலே சேர்க்கலாமா?
– ஒரு தாய், தாதகாப்பட்டி

பதில்: அவர்கள் செய்தது தப்பு. 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கத்தான் வந்தது. கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். ஆனாலும் மறைத்துச் சேர்க்க வேண்டாம் அம்மா, தெரியாத ஆள் திடீரென்று கையைப் பிடித்து இழுத்தால் கஷ்டப்படப்போவது அவன்தான். பெரிய முகாமை விட்டுவிடுங்கள். ஐந்தாறு பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித் தரும் ஓவிய ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் காலி அறையை அவனுக்குக் காட்டிவிட்டு வாருங்கள். எந்தச் சத்தம் ஆகாது, கோபம் வந்தால் என்ன செய்தால் அடங்குவான் என்பதை அரைப் பக்கத்தில் எழுதி ஆசிரியர் கையில் கொடுங்கள். முதல் சில நாள் நீங்கள் வாசலில் உட்கார்ந்திருக்க அனுமதி கேளுங்கள். "தாராளமா இருங்க" என்பவரிடம் பையனை விடலாம்.

கேள்வி: பேத்திகள் இருவரும் (12, 7 வயது) பெங்களூரிலிருந்து ஒரு மாதம் வருகிறார்கள். வந்தால் செல்போனும் கையுமாகத்தான். இங்கே எடப்பாடியில் முகாம் ஒன்றும் இல்லையே, எப்படிப் பொழுது போக்குவது?
– ஒரு பாட்டி, எடப்பாடி

பதில்: முகாம் நீங்கள்தான், பாட்டி. முதல் மூன்று நாள் செல்போனைப் பற்றி வாயே திறக்காதீர்கள். நீங்கள் பாட்டுக்குத் திண்ணையில் பல்லாங்குழியை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஆடுங்கள். சின்னவள் தானாக வருவாள். பெரியவளுக்குப் பொறுப்பு வேண்டும், விளையாட்டு அல்ல. மாங்காய் ஊறுகாய் போடும் வேலையை மொத்தமாக அவளிடம் விடுங்கள்: மண்டியில் விலை பேசுவது, வெட்டுவது, உப்புப் போட்டுக் காயவைப்பது, கணக்கு எழுதுவது. மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா மூன்றையும் கண்ணைக் கட்டிக்கொண்டு தின்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். சேலத்துப் பேத்திக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி!

பூலாம்பட்டிக்குக் கூட்டிப் போய்ப் பரிசலிலோ படகிலோ காவிரியைக் காட்டுவீர்கள், தெரியும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற வேண்டாம். கதவணை இருப்பதால் அங்கே தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்கும், கரையிலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும். படியில் உட்கார்ந்து காலை நனைப்பதோடு சரி.

கேள்வி: முகாமுக்கெல்லாம் வசதி இல்லை டீச்சர். ஆறாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளை ஒரே ஒரு நாள் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். படகு, பார்க் தவிர வேறென்ன காட்டலாம்?
– ஒரு வாசகர், கிச்சிப்பாளையம்

பதில்: பஸ்ஸிலேயே ஆரம்பியுங்கள். சேலத்தை விட்டு மலையேறும்போது கீழே வெள்ளை வெளேரென்று தெரியும் மேடுகள் மேக்னசைட் வெட்டி எடுக்கும் இடம். மேலே போனால் மண் சிவப்பாகிவிடும். மலை உச்சியில் பாக்சைட், அதாவது அலுமினியம் எடுக்கும் கல். ஒரே மலையில் கீழே ஒரு கனிமம், மேலே ஒரு கனிமம். ஒன்பதாவது படிக்கிறவனுக்குப் புத்தகத்தில் வந்தது கண்ணெதிரே வரும். கொண்டை ஊசி வளைவுகளில் நம்பர் பலகை இருக்கும், சின்னவனை எண்ணச் சொல்லுங்கள், வாந்தி நினைப்பும் வராது.

மேலே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. 1963-இல் ஆரம்பித்தது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியைப் பார்த்தால் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். ரோட்டோரக் காபித் தோட்டங்களில் வெள்ளைப் பூ மார்ச், ஏப்ரலிலேயே உதிர்ந்திருக்கும். மே மாதம் பச்சை மிளகு அளவில் பிஞ்சு கொத்துக் கொத்தாக நிற்கும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருப்பதையும் காட்டுங்கள். இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். சேர்வராயன் கோவில் குகைக்குள் குனிந்து போக வேண்டும், அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மே மாதம் அங்கே மலைவாழ் மக்கள் எடுக்கும் திருவிழாவும் வரும். கிளியூர் அருவிக்கு இப்போது போகாதீர்கள், கோடையில் பாறைதான் இருக்கும்.

கோடை விழா நடக்கும் நாட்களையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். அப்போது மேலே போக ஒரு வழி, இறங்கக் குப்பனூர் வழி என்று மாற்றிவிடுவார்கள், பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், குரங்கு பார்க்காமல் பிரித்துச் சாப்பிடுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகக் கீழே வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.